அப்பாவின் பத்தொன்பதாம் நம்பர் பெட்டி

வீடு மாறும்போதெல்லாம் எங்கள் குடும்பத்தில் ஒரு சண்டை வரும். 1979ல் பாசிர் பாஞ்சாங் கம்பத்து வீட்டைக் காலி செய்து அங் மோ கியோவுக்கு வந்தபோது வந்தது. 1998ல் அங்கிருந்து உட்லண்ட்ஸ் வந்தபோதும் வந்தது. “அந்தச் சனியனை இங்கேயே விட்டுட்டு வாங்க” என்பார் அம்மா. அப்பா பதிலே பேச மாட்டார். லாரி கிளம்பும் நேரத்தில் எட்டிப் பார்த்தால், இரண்டு இரும்புப் பெட்டிகளும் மெத்தைக்கு அடியில் பத்திரமாக ஏறி உட்கார்ந்திருக்கும்.

பெரிய பெட்டி ஒரு ராணுவ வானொலி. ‘வயர்லெஸ் செட் நம்பர் 19’ என்பது அதன் பெயர். சின்னப் பெட்டி அதற்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை. சின்னது என்றுதான் சொல்கிறேன், தனியாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

“அது செத்துப் போச்சு தம்பி, விடு” என்று அப்பா சொல்வதைக் கேட்டே வளர்ந்தேன். நான் மின்தூக்கிப் பராமரிப்பில் 27 ஆண்டுகளாக இருக்கிறேன். அமெச்சூர் வானொலி உரிமமும் எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டிலேயே இப்படி ஒரு பெட்டி இருக்க, ஊரெல்லாம் பழைய செட் தேடி அலைந்தவன் நான். ஆனாலும் அம்மா இருந்தவரை அதைத் திறக்கவில்லை. திறக்க விடவில்லை என்பதுதான் சரி.

அம்மா தவறி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அப்பாவுக்கு இப்போது 84 வயது. கை நடுங்குகிறது. இடது கண்ணில் பார்வை மங்கிவிட்டது. சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, காலைப் பசியாறிவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “அந்த செட்டு இன்னும் இருக்கா?”

அன்றே ஸ்டோர் ரூமில் இருந்து வெளியே எடுத்தோம்.

பீரங்கி வண்டியில் பிறந்தது

இந்த செட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் பை நிறுவனம் கவச வண்டிகளுக்காக வடிவமைத்தது. மொத்தம் 15 வால்வுகள். ஒரே பெட்டிக்குள் மூன்று வேலை: தூரத்துப் படைப்பிரிவுகளோடு பேச 2 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு செட், பக்கத்து டாங்கிகளோடு பேச இன்னொன்று, டாங்கிக்குள் இருப்பவர்கள் இரைச்சலில் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஓர் உள்தொடர்பு.

பிரிட்டனில் தயாரித்தது போதாமல் கனடாவிலும் அமெரிக்காவிலும் செய்தார்கள். அவற்றில் பலவற்றை அன்றைய சோவியத் யூனியனுக்கு அனுப்ப வேண்டியிருந்ததால், முகப்பில் ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் ரஷ்ய எழுத்துகளையும் பொறித்தார்கள். எங்கள் வீட்டுப் பெட்டியும் அந்த ரகம். சிறுவயதில் அதைப் பார்த்து, அப்பா ரஷ்ய உளவாளியோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

அப்பா உளவாளி இல்லை. 17 வயதில், 1958ல், பாசிர் பாஞ்சாங் பக்கம் இருந்த பிரிட்டிஷ் ராணுவப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். பிறகு வானொலிப் பிரிவில் வேலை பழகினார். அப்போதே நம்பர் 19 ஓய்வுபெறும் காலம். புது ரக செட்டுகள் வந்துகொண்டிருந்தன. பழையதில் கைபழகட்டும் என்று பயிற்சிப் பையன்களுக்கு இதைத்தான் கொடுப்பார்களாம்.

பிரிட்டிஷ் படை வெளியேறப் போகிறது என்ற அறிவிப்பு 1968ல் வந்தது. 1971 அக்டோபர் இறுதியில் எல்லாம் முடிந்தது. தளங்களை நம்பியிருந்த பல்லாயிரம் குடும்பங்களைப் போல எங்கள் வீட்டிலும் சம்பளம் நின்றது. நான் அந்த ஆண்டுதான் பிறந்தேன். மறு ஆண்டு சுங்கை ரோடு சந்தையில், தரையில் விரித்த சாக்கின்மேல் இந்த இரண்டு பெட்டிகளையும் அப்பா பார்த்திருக்கிறார். 15 வெள்ளி. வேலை இல்லாத மனிதர் 15 வெள்ளியைக் கொடுத்து இரும்பை வாங்கி வந்தால் எந்த மனைவிதான் சும்மா இருப்பார்? (அந்தச் சந்தையையும் 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள். கடைசி நாளில் அப்பாவும் நானும் போயிருந்தோம்.)

12 வோல்ட் எப்படி 500 ஆகிறது?

வால்வு வானொலிக்கு இரண்டு விதமான மின்சாரம் தேவை. வால்வுக்குள் இருக்கும் இழையைச் சூடாக்கக் குறைந்த வோல்ட். வால்வு வேலை செய்ய மிக உயர்ந்த வோல்ட். நம்பர் 19க்குக் கேட்கும் பகுதிக்கு ஏறக்குறைய 275 வோல்ட், ஒலிபரப்பும் வால்வுக்கு 500 வோல்ட். டாங்கியிலோ இருப்பது 12 வோல்ட் பேட்டரி. வீட்டு மின்சாரம் போல் மாறுதிசை மின்சாரமாக இருந்தால் ஒரு டிரான்ஸ்ஃபார்மரை வைத்து ஏற்றிவிடலாம். பேட்டரியின் நேர்மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மருக்கு மசியாது.

அதற்கு அவர்கள் கண்ட வழிதான் டைனமோட்டர். ஒரு மோட்டாரையும் ஒரு ஜெனரேட்டரையும் ஒரே அச்சில் சுற்றிவிட்ட மாதிரி. ஒரு முனையில் 12 வோல்ட் கொடுத்தால் அச்சு சுழலும். அதே அச்சில் மெல்லிய கம்பியால் பல ஆயிரம் சுற்றாகச் சுற்றிய வேறு சுருள்கள் இருக்கும். அவற்றில் பிறக்கும் உயர் வோல்ட்டைக் கரித்துண்டு பிரஷ்கள் தொட்டு வெளியே எடுத்துவரும். சின்னப் பெட்டிக்குள் இருப்பது இதுவும், இதன் இரைச்சலை வடிகட்டும் சில கப்பாசிட்டர்களும் சுருள்களும்தான். ஓடினால் பழைய தையல் மெஷினும் கொசுவும் சேர்ந்து பாடுவதுபோல ஒரு சத்தம் வரும்.

அமெச்சூர் நண்பர் ஒருவர் சொன்னார்: “உள்ளே இருக்கிறதை எல்லாம் எடுத்துக் கடாசிட்டு, உள்ளங்கை அளவு கன்வர்ட்டர் ஒன்றை வைத்து மூடுங்கள். அரை நாள் வேலை.” தப்பே இல்லாத யோசனை. செட் பாடும். ஆனால் அப்பா கேட்டது செட் பாடுமா என்று அல்ல. நான் அந்த யோசனையைச் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வையில், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்துப் பையன் ஆகிவிட்டேன்.

மூடியைத் திறந்ததும் மெழுகும் பூஞ்சையும் கலந்த நெடி. காய்ந்துபோன ஒரு பல்லி. ரப்பர் உறை போட்ட கம்பிகளைத் தொட்டதும் உறை முறுக்குபோல நொறுங்கி விழுந்தது. இந்தக் காலத்து ரப்பர் எல்லாமே இப்படித்தான் ஆகும், நம் ஊர் ஈரத்தில் இன்னும் சீக்கிரம். உறை இல்லாத இரண்டு கம்பிகள் உரசிக்கொண்டிருக்கும் நிலையில் மின்சாரம் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, ஒவ்வொன்றையும் அவர் கையில் கொடுத்துக் கேட்டுக் கேட்டுச் செய்தேன். பிரஷ்களைக் கழற்றும்போது எது எந்தத் துளையில் இருந்தது, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று குறித்து வைக்கச் சொன்னார். பல ஆண்டு ஓடி, கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்ப அவற்றின் முனை தேய்ந்திருக்கும். மாற்றிப் போட்டால் சரியாகத் தொடாது, தீப்பொறி பறக்கும்.

கம்யூட்டேட்டர் செம்பு என்று சொல்ல முடியாத அளவுக்குக் கறுத்திருந்தது. நான் எமரித் தாளை எடுத்தேன். நடுங்கும் கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எமரித் தூள் செம்புத் தகடுகளுக்கு இடையே போய்ப் பதிந்துகொள்ளும், பிரஷ்ஷை அரிக்கும், மின்கசிவும் வரும் என்றார். கண்ணாடித் தாள்தான் போட வேண்டுமாம், அதுவும் மிக மென்மையானது. தேய்த்த பிறகு தகடுகளின் இடைவெளிகளைப் பல்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தேன். அதற்கே இரண்டு சனிக்கிழமை போனது.

பேரிங்கில் இருந்த கிரீஸ் சாம்பிராணிக் கட்டிபோல இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவிப் புது கிரீஸ் வைத்தோம்.

அடுத்ததுதான் எனக்குக் கவலை தந்தது. சுருளுக்கும் இரும்பு அச்சுக்கும் இடையே மின்கசிவு இருக்கிறதா என்று மெகர் வைத்துப் பார்த்தேன். குறைந்தது சில மெகா ஓம் இருக்க வேண்டிய இடத்தில், அரை மெகா ஓம்கூட இல்லை. சுருள் எரிந்திருந்தால் கதை முடிந்தது. அதை மறுபடி சுற்றித் தர எனக்குத் தெரிந்து இங்கே ஆள் இல்லை.

“ஈரம் குடிச்சிருக்கு. காய வை” என்றார் அப்பா.

பெரிய கோங் குவான் பிஸ்கட் டின் ஒன்றை எடுத்து, மூடியில் துளை போட்டு, உள்ளே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டோம். எல்லாரும் எல்இடி போடும் காலத்தில் குண்டு பல்பு கிடைக்கவே நான்கு கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது. நல்லவேளை, ஒரு கடைக்காரரிடம் மிச்சம் கிடந்த அரை டஜனையும் வாங்கி வந்தேன். சுருளோடு அச்சை டின்னுக்குள் வைத்து ஐந்து நாள் இதமான சூட்டில் காய வைத்தோம். இரண்டாம் நாள் மீட்டரில் முள் கொஞ்சம் நகர்ந்தது. ஐந்தாம் நாள் 40 மெகா ஓம். அன்று இரவு அப்பா இரண்டாவது முறை சோறு கேட்டார்.

உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கலாம்

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்களில் பலர் வீட்டில் தாத்தா காலத்து வால்வு வானொலி அலங்காரத்துக்கு இருக்கும். ‘பாடுகிறதா பார்ப்போம்’ என்று நேராக 230 வோல்ட் பிளக்கில் சொருகிவிடாதீர்கள். பழைய கப்பாசிட்டர்களுக்குள் இருப்பது மெழுகு தோய்த்த காகிதம், அல்லது ரசாயனக் கலவை. பல ஆண்டு சும்மா கிடந்தால் காகிதம் ஈரம் குடித்து மின்சாரத்தைக் கசியவிடும். ரசாயன வகை தன் காப்புப் படலத்தை இழந்துவிடும். சொருகிய சில நொடியில் கப்பாசிட்டர் வெடிக்கலாம். அது வெடிக்காவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் கருகலாம். கப்பாசிட்டர் சில வெள்ளி. டிரான்ஸ்ஃபார்மர் போனால் வானொலியே போயிற்று.

தெரிந்தவர்கள் முதலில் கப்பாசிட்டர்களைச் சோதித்து மாற்றுவார்கள். பிறகு ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைத்து மின்சாரம் கொடுப்பார்கள். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து மின்சாரத்தைத் தான் வாங்கிக்கொள்ளும், வானொலி தப்பிக்கும்.

எங்கள் பெட்டியில் இருந்த காகிதக் கப்பாசிட்டர் எல்லாமே கசிந்தன. சிம் லிம் டவரில் நான் வழக்கமாகப் போகும் கடையில் புதியவை வாங்கினேன். பழையவற்றைச் சூடாக்கி உள்ளே இருந்ததை உருவிவிட்டு, அதே கூட்டுக்குள் புதியதை வைத்து மெழுகால் அடைத்தேன். வெளியே பார்த்தால் 1940களின் சாமான். என் மகள் இதைப் பார்த்துவிட்டு, “ஏம்பா, யார் மூடியைத் திறந்து பார்க்கப் போறாங்க?” என்றாள். நியாயமான கேள்விதான். தாத்தா பார்ப்பார் என்றேன்.

ஆறாவது சனிக்கிழமை சப்ளையை ஓட்டிப் பார்க்கத் தயாரானோம். என்னிடம் இருந்த 12 வோல்ட், 30 ஆம்பியர் நவீன மின்வழங்கியை இணைத்து சுவிட்சைத் தட்டினேன். டக். அணைந்துவிட்டது. மறுபடி தட்டினேன். டக். ஐந்தாறு முறை இதே கதை. சுருள் ஷார்ட் ஆகிவிட்டது, இவ்வளவு பாடும் வீண் என்று முடிவே கட்டிவிட்டேன். திருகாணிகளைக் கழற்றவும் ஆரம்பித்தேன்.

அப்பா சிரித்தார். “அது பேட்டரிக்குப் பொறந்தது தம்பி.”

நின்றுகொண்டிருக்கும் மோட்டார் கிளம்பும் அந்த ஒரு கணத்தில், ஓடும்போது குடிப்பதைவிடப் பல மடங்கு மின்சாரம் குடிக்கும். லீட் ஆசிட் பேட்டரி முனகாமல் கொடுக்கும். நவீன மின்வழங்கியோ ஏதோ ஆபத்து என்று நினைத்துத் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். மின்தூக்கி மோட்டார்களோடு 27 ஆண்டு குப்பை கொட்டிய எனக்கு இது தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

கீழே போய்க் காரிலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்தேன். நடுவில் ஒரு ஃபியூஸ் போட்டு இணைத்தேன். பெட்டி ஒருமுறை உதறியது. பிறகு அந்தச் சத்தம் மெதுவாக எழுந்து, உயர்ந்து, ஒரே சுருதியில் நின்றது. மேல்மாடி மக்சிக் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, புது வேக்குவம் கிளீனரா என்று கேட்டார்.

அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். “பேட்டரிப் பக்கம் ஒரு பிரஷ்ஷு சரியா உக்காரல” என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நிறுத்திக் கழற்றிப் பார்த்தால், ஒரு பிரஷ்ஷின் ஸ்பிரிங் கோணலாக இருந்தது.

கையை எடு!

உயர் வோல்ட் பக்கத்துக்கு வால்வுகளை இணைக்கும் முன், போலியாக ஒரு சுமை கொடுத்துப் பார்க்க வேண்டும். பிஸ்கட் டின்னுக்குப் போக மிச்சமிருந்த 40 வாட் பல்புகள் இரண்டைத் தொடராக 275 வோல்ட் பக்கம் இணைத்தோம். மங்கலாக எரிந்தன. மீட்டர் 270 காட்டியது. 500 வோல்ட் பக்கம் சுமை இல்லாமல் 530. நான் மகிழ்ச்சியில் சுவிட்சை அணைத்துவிட்டு, மீட்டர் கம்பியை எடுக்கப் பெட்டிக்குள் கையை விட்டேன்.

“கையை எடு!”

அப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. நாற்காலியில் இருந்து பாதி எழுந்து நின்றார். உதடு துடித்தது.

சுவிட்சை அணைத்தாலும் கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். எனக்குத் தெரிந்த பாடம்தான், அவசரத்தில் மறந்தது. ஆனால் அவர் முகத்தில் இருந்தது பாடம் சொல்லும் வாத்தியாரின் கோபம் அல்ல. என் மனைவி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொன்னார்.

1973. கம்பத்து வீட்டுத் திண்ணை. தெரிந்த லாரிக்காரரிடம் பேட்டரி இரவல் வாங்கி, இந்த செட்டை ஓட்டியிருக்கிறார். நன்றாகவே பாடியிருக்கிறது. சப்ளையின் மூடி திறந்திருந்தது. ஓடும்போதே பிரஷ்ஷைச் சரிசெய்யக் குனிந்திருக்கிறார். ஒரு கை இரும்புச் சட்டத்தில், இன்னொரு கை 500 வோல்ட்டில். இரண்டு கைக்கும் நடுவே நெஞ்சு. பிடித்துக்கொண்டது, விட முடியவில்லை. அம்மா ஓடிவந்து பார்த்திருக்கிறார். எத்தனையோ பேர் பதற்றத்தில் மனிதரைப் பிடித்து இழுத்துத் தாங்களும் சேர்ந்து சாவார்கள். அம்மா துடைப்பக்கட்டையால் பேட்டரி வயரைத் தட்டிவிட்டார். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத அம்மா.

“எப்படித் தெரிஞ்சுது அவளுக்குன்னு கடைசி வரைக்கும் நான் கேக்கவே இல்ல” என்றார் அப்பா.

அப்போது எனக்கு இரண்டு வயது. அன்று இரவு அம்மா தூங்கிக்கொண்டிருந்த என் தலையில் அப்பாவின் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார், இனி இதைத் திறப்பதில்லை என்று. செட் செத்துப்போகவே இல்லை. ஐம்பது ஆண்டும் நான் கேட்டு வளர்ந்தது பொய். அப்பா சத்தியத்தைக் காப்பாற்றினார். பெட்டியையும் தூக்கிப் போடவில்லை.

“இப்ப நீங்கதானே அப்பா திறந்தீங்க?” என்றேன்.

“நான் தொடலையே. நீதான திறந்த” என்றார். சட்டப்படி சரிதான்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் புதிதாக எதையும் ஓட்டவில்லை. பாதுகாப்பு வேலைகள் மட்டும். கப்பாசிட்டர்களின் குறுக்கே மின்தடைகளை வைத்தேன். சுவிட்சை அணைத்தால் சில நொடிகளில் மிச்ச மின்சாரம் அவற்றின் வழியாக வடிந்துவிடும். மூடியைத் தூக்கினாலே மோட்டார் நிற்கும்படி ஒரு சின்ன சுவிட்ச். இவை இரண்டும் அசல் பெட்டியில் இல்லாதவை. சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். சோல்டரைச் சூடாக்கினால் தடயமின்றிக் கழன்றுவிடும்படிதான் வைத்திருக்கிறேன். ஒலிபரப்பும் 807 வால்வையும் கழற்றி பஞ்சு சுற்றி வைத்துவிட்டேன். எங்களுக்குக் கேட்டால் போதும்.

வீட்டில் கேட்க முடியவில்லை என்பது வேறு விஷயம். செட்டின் 15 வால்வுகளில் இரண்டை மாற்றியதும் உயிர் வந்தது. ஆனால் எல்இடி விளக்கு, கைப்பேசி சார்ஜர், வைஃபை பெட்டி என்று எங்கள் புளோக் முழுவதும் கக்கும் மின்னிரைச்சலில் வேறு எதுவும் காதில் விழவில்லை. 80 ஆண்டுக்கு முந்தைய செட்டுக்கு வீவக வீடு தோதான இடம் இல்லை.

பேட்டரியில் ஓடுவதால் ஒரு வசதி, எங்கு வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம். இரண்டு பேர் தூக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு ஞாயிறு மாலை சாங்கி கடற்கரைக்குப் போனோம். மகள் கம்பியை ஒரு மூங்கில் கழியில் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அப்பாவுக்கு ஹெட்போன் மாட்டிவிட்டேன். மோட்டார் எழுந்து சுருதியில் நின்றது. அவர் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் டயலை மெதுவாகத் திருப்பினார். கை நடுங்கியதால் தாண்டித் தாண்டிப் போனது. திரும்ப வந்தார். பிறகு அப்படியே நின்றார்.

இந்தோனேசிய அமெச்சூர்கள் யாரோ இருவர். மழையைப் பற்றியும் கோப்பி விலையைப் பற்றியும் மலாயில் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஹெட்போனை எனக்குக் கொடுக்கவே இல்லை. அவர்கள் சிரித்தபோது அவரும் சிரித்தார்.

ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கழித்து, கைச்சைகையால் நிறுத்தச் சொன்னார். மூடியைத் திறக்கப் போனேன். “பத்து எண்ணிட்டுத் திற” என்றார். எண்ணினேன். பத்து மணி நேரம் ஓடியதும் பிரஷ்களைக் கழற்றித் தேய்மானம் பார்க்க வேண்டுமாம். இதுவரை நான்கரை மணி நேரம் ஓடியிருக்கிறது. கணக்கை அவர்தான் நாட்காட்டியில் குறித்து வைக்கிறார்.